மூன்றுடல் படகும் போர்தோ பீப்பாயும்

ட்ரைமரான் என்றொரு பாய்மரப் படகு உண்டு. நடுவில் ஒரு நீளமான உடல், இரண்டு பக்கமும் கைகளை நீட்டினாற்போலச் சட்டங்கள், சட்டங்களின் முனையில் ஒல்லியாக இரண்டு மிதவைகள். மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த பறவை மாதிரியே இருக்கும். நடு உடலில்தான் குடித்தனம்: படுக்கை, அடுப்படி, வரைபடம் விரிக்க ஒரு மேசை. பக்க மிதவைகளுக்கு ஒரே வேலை, படகைச் சாய விடாமல் பிடித்துக்கொள்வது. இந்தப் படகில் வீட்டையே ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் கடலில் சுற்றுகிற குடும்பங்கள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களுக்கு இதில் மோகம் அதிகம். மேற்குக் கரையில் உள்ள லா ரோஷெல் என்ற துறைமுக ஊரில், நெடும்பயண ட்ரைமரான்களையே முழுத் தொழிலாகக் கட்டுகிற நீல் என்ற நிறுவனம் 2010இல் தொடங்கியது.

வேடந்தாங்கலில், கடலுக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்துகொண்டு இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் எங்கள் ஏரிக்கு வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரந்து கிடக்கும் நாடுகளிலிருந்து வருபவை. அந்த மாதங்களில் வாடைக்காற்று நிலைத்த பிறகுதான், மலேசியா, தாய்லாந்து பக்கம் காத்திருக்கும் பாய்மரப் பயணிகளும் நங்கூரம் தூக்கி மேற்கே கிளம்புவார்கள். வங்கக் கடலைக் கடந்து இலங்கையின் தென்முனையில் காலியைத் தொட்டு, மாலத்தீவு பக்கம் போய்விடுவார்கள். நம் கரைக்கு வருவது அபூர்வம். கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை ஒரு படகு ஒதுங்க இயற்கையான துறைமுகம் கிடையாது என்பதுதான் காரணம். இந்தக் கரையின் கதை முழுக்க அந்த ஒரு குறையிலிருந்து பிறந்தது என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் படகு. சாதாரணப் பாய்க்கப்பல் கவிழாமல் நிற்பது எடையால். அடியில் ஈயமோ இரும்போ தொங்கும். காற்று சாய்க்கும், அடியெடை நிமிர்த்தும். ட்ரைமரான் அந்த எடையைக் கழற்றி எறிந்துவிட்டு அகலத்தை நம்புகிறது. காற்று தள்ளும்போது காற்று போகும் பக்கத்து மிதவை தண்ணீரில் அழுந்தி எதிர்த்து நிற்கும். எடை இல்லாததால் படகு லேசு. உடல்கள் ஒல்லியாக இருப்பதால் தண்ணீரைப் பெரிதாக உழாமல் கீறிக்கொண்டு போகும், அதனால் வேகம். ஆழமும் அதிகம் வேண்டாம். முழங்கால், இடுப்பளவுத் தண்ணீரில்கூட நிற்கும், மணலில் ஏறி உட்காரும். இதற்குக் கொடுக்கும் விலையும் பெரியது. ஒரு தடவை முழுசாகக் கவிழ்ந்துவிட்டால் அது தானாக நிமிராது. மூழ்கவும் செய்யாது. தலைகீழாக மிதந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு சங்கடம், சுமை. ட்ரைமரானில் எடை கூடக்கூட மிதவைகள் அழுந்தி, அது எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தக் குணமே போய்விடும். அங்கேதான் ஒயின் வந்து நிற்கிறது. ஒரு பாட்டில் ஒயின் கண்ணாடியோடு சேர்த்துச் சுமார் 1.25 கிலோ. பன்னிரண்டு பாட்டில் கொண்ட பெட்டி 15 கிலோ. பிரெஞ்சுப் பயணிகள் எழுதிய குறிப்புகளை வாசித்தால், பெட்டி பெட்டியாக இறக்கிவைத்துவிட்டு எதை ஏற்றுவது என்று தவிப்பது தெரியும். அவர்களுக்குப் பொதுவாக ‘ஒயின்’ என்று ஒன்று கிடையாது; எந்த ஊர் ஒயின் என்பதுதான் பேச்சு. லுவார் ஆற்றங்கரைக்காரர் அந்தக் கரையின் வெள்ளை ஒயினைத்தான் ஏற்றுவார், பிரொவான்ஸ்காரர் தன் ஊர் ரோஜா நிற ஒயினை விடமாட்டார். கூடவே ஒரு சின்ன நீர்வண்ணப் பெட்டியும் சுருட்டிய தாளும். ஒதுங்கிய துறையில் நங்கூரம் போட்டுவிட்டுப் படம் வரைவது அவர்களிடம் பழைய வழக்கம். பிரான்சில் கடற்படைக்கென்றே ‘கடற்படை ஓவியர்’ என்ற அரசுப் பட்டம் 1830லிருந்து இருக்கிறது. புள்ளிப்புள்ளியாக வண்ணம் வைத்த பால் சின்யாக், வாழ்நாளில் முப்பதுக்கும் மேல் படகு வைத்திருந்தவர்; பிரான்சின் துறைமுகங்களை ஊர் ஊராகப் போய் வரைந்தார். மழையில் குடை பிடித்து நடக்கும் பாரிஸ் தெருவை வரைந்த கையபொத், படகு வடிவமைப்பிலும் கெட்டிக்காரர். அவர் வரைந்த திட்டத்தில் கட்டிய படகுகள் பந்தயம் ஜெயித்தன.

ட்ரைமரான் பக்கம் உலகத்தைத் திருப்பியதும் ஒரு பிரெஞ்சுப் பந்தயம்தான். 1978இல் சான் மாலோவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து குவாதலூப் தீவுக்குத் தனியாளாகப் போகும் ‘ரூட் து ரோம்’ முதல் தடவை நடந்தது. மைக் பர்ச் என்ற கனடாக்காரரின் சின்னஞ்சிறு மஞ்சள் ட்ரைமரான், தன்னைவிட ரொம்பப் பெரிய ஒற்றையுடல் படகை, 23 நாள் ஓட்டத்துக்குப் பிறகு, 98 விநாடி வித்தியாசத்தில் முந்தியது. அதே பந்தயத்தில், பிரெஞ்சுப் படகோட்டி எரிக் தபார்லி ஒரு காலத்தில் கட்டிய பழைய ட்ரைமரானில் போன அலன் கொலா புயலில் காணாமல் போனார். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. ஒரே பந்தயத்தில் இந்த வகைப் படகின் இரண்டு முகமும் தெரிந்துவிட்டது.

ட்ரைமரான் நம் கட்டுமரத்தின் பிள்ளை என்று நான் சொல்ல வரவில்லை. இருபுறமும் மிதவை கட்டும் பழக்கம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகளுடையது. கட்டுமரம் தெப்பம், உள்ளே குடையப்பட்ட உடல் என்று எதுவும் அதற்கில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே கேள்விக்கு வந்த பதில்கள். எடையில்லாமல், ஆழமில்லாமல், மணலில் ஏறி நிற்கும்படி, அலையில் கவிழாமல் எப்படிப் போவது?

இந்தக் கேள்வியை நம் கரை ரொம்பக் கடுமையாகக் கேட்டது. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் போய் நின்று பாருங்கள். கரையை ஒட்டி இரண்டு மூன்று வரிசையாக அலை உடையும். அதைத் தாண்டினால்தான் கடல். மரப்பலகையை ஆணி வைத்து அடித்த படகு, அலை தூக்கி மணலில் போட்டால் இரண்டே நாளில் விரிந்துவிடும். இங்கே உள்ளவர்கள் கண்ட வழி, உடைய ஒன்றுமே இல்லாதபடி செய்வது. லேசான மரத்தில் மூன்று, ஐந்து, ஏழு கட்டைகள். நடுக்கட்டை தாழ்ந்து இருக்கும், பக்கக் கட்டைகள் சற்று ஏறி நிற்கும், முன்பக்கம் மூக்கு மாதிரித் தூக்கியிருக்கும். எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது. அலை உள்ளே வந்தால் வந்த வழியே இடுக்கில் வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். ட்ரைமரான்காரர்களுக்குத் தூக்கத்திலும் வரும் பயம் கட்டுமரத்தில் போகிறவருக்குக் கிடையாது.

கடப்பாக்கம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் வயதான ஒரு மீனவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கட்டுமரம் என்ற சொல்லையே எடுக்கவில்லை, ‘மரம்’ என்றுதான் சொன்னார். “கரைக்கு வந்தா அவுத்துப் போட்ருவோம் தம்பி. காயணும். தண்ணி குடிச்ச மரம் கனக்கும், மறுநாள் ஏறாது.” ஏன் ஆணி அடிப்பதில்லை என்று கேட்டேன். “ஆணி வெச்சா மரம் முறைச்சுக்கினு நிக்கும். கயிறு அப்பிடி இல்ல, அலை ஒரு பக்கம் தூக்குனா கொஞ்சம் விட்டுக் குடுக்கும், அப்பாலிக்கா பிடிச்சுக்கும்.” கட்டுகிற ஆள் இப்போது ஊரில் இருக்கிறாரா என்றேன். கையால் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அடுத்து யார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. எதிரே வரிசையாக ஃபைபர் படகுகள் நின்றன.

விட்டுக் கொடுக்கும் கட்டு என்று அவர் சொன்னதை, ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1950களில் தானே கட்டிய இரட்டையுடல் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தவர் அவர். இரண்டு உடல்களையும் குறுக்குச் சட்டத்தையும் போல்ட் போட்டு முறுக்காமல் கயிற்றால் கட்டச் சொன்னார். அவருடைய வரைபடங்களை வாங்கிப் படகு கட்டியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இன்றும் அந்தப் படகுகள் கயிற்றுக் கட்டோடு பெருங்கடல் கடக்கின்றன. அவர் பசிபிக் தீவுகளிடமிருந்து கற்றார். ஆனால் கடலின் குணம் ஒன்றுதானே.

கட்டுமரத்துக்குக் கூடப்பிறந்த இன்னொன்று சலங்கு. ஆங்கிலேயர் மசூலா படகு என்றார்கள், பிரெஞ்சுக்காரர் ‘ஷெலாங்’ என்றார்கள். பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த உயரமான படகு, ஆணியே கிடையாது. சென்னையில் துறைமுகம் கட்டத் தொடங்கியது 1870களில். புதுச்சேரியில் இரும்புத் துறைப்பாலம் வந்ததும் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். அதற்கு முன் கப்பல்கள் எல்லாம் அலைக்கு வெளியே, ஒன்றிரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு ஆளோ சரக்கோ எதுவானாலும் சலங்கில்தான் வரவேண்டும். கடல் கொதித்துச் சலங்கும் போக முடியாத நாளில், கப்பலுக்கான கடிதத்தை ஓலைக் குல்லாய்க்குள் வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கட்டுமரத்தில் போவார்கள். அலையில் விழுந்து எழுந்தாலும் கடிதம் நனையாது.

இதை யோசித்துப் பாருங்கள். டூப்ளே புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னராக இருந்த காலத்தில் (1742 முதல் 1754 வரை) அவர் விருந்து மேசைக்கு வந்த ஒவ்வொரு துளி போர்தோ ஒயினும், ஆறு மாதம் கப்பலில் உருண்டு வந்து, கடைசி ஒரு மைலைத் தமிழ்ப் படகோட்டிகள் தைத்த சலங்கில் கடந்தது. அவருடைய துபாஷ் ஆனந்தரங்கம் பிள்ளை, எந்தக் கப்பல் எப்போது வந்தது என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறார். அவருக்கே சொந்தமாக ஆனந்தப்புரவி என்று ஒரு கப்பல் இருந்தது. அலையில் துடுப்புப் போட்டவர்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

எங்கள் மாவட்டத்துக் கரையிலும் பிரெஞ்சுக் கொடி பறந்ததுண்டு. செய்யூர் வழியாகக் கடப்பாக்கம் போனால் ஆலம்பரைக் கோட்டை. செங்கல் கோட்டை, பாதி இடிந்து, கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1750இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பத்தே வருஷத்தில், 1760இல், ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். கோவளத்துக் கோட்டையும் 1750இல் பிரெஞ்சுக்காரரிடம் போய், 1752இல் கிளைவ் கைக்கு வந்தது. ஆலம்பரையில் சரக்குகள் ஏறி இறங்கின, நாணயம் அச்சடித்தார்கள். இப்போது சனி, ஞாயிறு படம் எடுக்க வருகிறார்கள். அந்த மணலில் எத்தனை பீப்பாய் உருண்டிருக்கும் என்று நினைப்பதை என்னால் நிறுத்த முடிவதில்லை.

ஒயினுக்கும் நம் கடலுக்கும் இன்னொரு கதை உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த கதை. போர்தோவுக்கு வடக்கே சான்தெஸ்தெஃப் என்ற ஊர். அங்கே கோஸ் என்ற சிறு மேட்டில் லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் என்பவருக்கு 1791இல் திராட்சைத் தோட்டம் வாரிசாக வந்தது. தன் ஒயினைக் கப்பலேற்றி இந்தியா வரைக்கும் விற்றார். விற்காமல் மிஞ்சிய பீப்பாய்கள் திரும்பி வந்தபோது திறந்து பார்த்தால், போனதைவிட நன்றாக இருந்ததாம். நிலநடுக்கோட்டைத் திரும்பத் திரும்பக் கடந்த வெயிலும், மாதக்கணக்கில் கப்பல் ஆடிய ஆட்டமும் ஒயினை முதிர வைத்துவிட்டன. அப்படித் திரும்பிய ஒயினுக்கு ‘இந்தியாவிலிருந்து திரும்பியது’ என்று அடையாளம் போட்டுத் தனியாக விற்றார் என்று அந்தத் தோட்டத்தின் வரலாறு சொல்கிறது. அந்த மயக்கத்தில், 1830 வாக்கில், ஒயின் வைக்கும் கிடங்கையே கீழைநாட்டுக் கோபுரங்களோடு கட்டினார். சான்சிபாரிலிருந்து செதுக்கு வேலைப்பாடு கொண்ட கதவைக் கொண்டுவந்து மாட்டினார். கடனில் மூழ்கி 1852இல் தோட்டத்தை விற்றார், அடுத்த வருஷம் இறந்துபோனார். கோபுரங்கள் இன்றும் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நிற்கின்றன. போர்தோ பக்கம் போகிறவர்கள் தவறாமல் பாருங்கள்.

திராட்சை மது இந்தக் கரைக்கு அப்போதுதான் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பாலாறு கடலில் சேரும் இடத்தில், வயலூர் பக்கம், வசவசமுத்திரம் என்று ஒரு சின்ன ஊர். 1970 வாக்கில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அடி கூராக, இரண்டு காது வைத்து, மத்தியதரைக் கடலிலிருந்து மது ஏற்றிவரும் ஜாடிகள் அவை. தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்தது இன்னும் ஏராளம். புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதாக நக்கீரர் பாடுகிறார். பாட்டில் சொன்னது வசவசமுத்திரத்தில் ஓடாகக் கைக்குக் கிடைக்கிறது. அந்தக் காலத்திலும் கப்பல் அலைக்கு வெளியே நின்றிருக்கும். ஜாடியைக் கரை சேர்த்தது யாராக இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இனி ஓவியம். இந்தப் பதிவை எழுத என்னை உட்கார வைத்தவர் பிரான்சுவா எட்மோன் பாரி. 1806இல் பாரிஸில் பிறந்தவர், கடற்படை அதிகாரி, கைதேர்ந்த ஓவியர். இருபது வயதில், கடலாய்வுப் பயணி துமோன் துர்வீலின் ‘அஸ்த்ரோலாப்’ கப்பலில் பசிபிக் போனார். பிறகு லப்ளாஸ் தலைமையில் ‘ஃபவோரித்’ என்ற கப்பல் 1830 முதல் 1832 வரை உலகம் சுற்றியபோது அதில் இருந்தார். அந்தக் கப்பல் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் வந்தது. மற்ற அதிகாரிகள் ஊர் சுற்றப் போனபோது இவர் கரையில் இருந்த படகுகளை அளந்தார். வெறும் காட்சியாக அவர் வரையவில்லை. நீளம், அகலம், குறுக்கு வெட்டு, பலகையை எப்படித் தைத்திருக்கிறார்கள், பாய் எந்தக் கோணத்தில் நிற்கிறது, துடுப்பின் முனை என்ன வடிவம், எல்லாமே அளவுகோலோடு இருக்கும். கூடவே நீர்வண்ணத்தில் அலை, வெயில், துடுப்புப் போடும் ஆட்கள். கட்டுமரமும் சலங்கும் அப்படி அவர் தாளில் ஏறின.

1840களின் தொடக்கத்தில் அதெல்லாம் பெரிய நூலாக வந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் படகுக் கட்டுமானம் பற்றி, அரபுக் கரையிலிருந்து சீனம், பசிபிக் வரை, நூற்றுக்கும் மேற்பட்ட படத்தாள்கள். ஒரு விபத்தில் இயந்திரத்தில் சிக்கி ஒரு கையை இழந்தார், வரைவதை நிறுத்தவில்லை. 1871 முதல் 1893இல் இறக்கும்வரை பாரிஸின் லூவ்ரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். தன் படங்களை வைத்து நம் படகுகளின் சிறு மாதிரிகளை மரத்தில் செய்ய வைத்தார். நீராவி வந்துவிட்டது, இந்தப் படகுகள் எல்லாம் மறைந்துபோகும், மறையும் முன் அளவெடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்தது. காலனி பிடித்த ஒரு நாட்டின் கடற்படை அதிகாரி அவர் என்பதை நான் மறக்கவில்லை. அந்தக் கப்பல் எதற்காக நம் கடலுக்கு வந்தது என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு மீனவர் கட்டிய கட்டைத் தன் நாட்டுப் போர்க்கப்பலுக்குத் தரும் அதே மரியாதையோடு அளந்த கை அது. அந்தப் படத்தாள்களை முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அவருக்குப் பிறகு ஜேம்ஸ் ஹார்னெல் வந்தார். சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஆங்கிலேயர். 1920இல் இந்தியப் படகு வடிவங்கள் பற்றி அவர் எழுதிய நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை ஊர்வாரியாக வகை பிரித்தார். கோலா மீன் பிடிக்கக் கரையை விட்டு வெகுதூரம் போகும் பெரிய மரங்களுக்கு எத்தனை கட்டை என்பது முதற்கொண்டு எழுதினார். தமிழில் கதை எழுதியவர்களும் கைவிட்டுவிடவில்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ இரண்டும் தென்கரையின் கடல் வாழ்க்கையை அதன் சொல்லோடும் உப்போடும் கொண்டுவந்த நாவல்கள். எழுத்தில் நாம் குறை வைக்கவில்லை. கோடுகளில்தான், அளவுகளில்தான் நம் கை கொஞ்சமாக இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் நம் சுவரைப் பார்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ராய், பல்லவர் மேல் பித்துக் கொண்டவர். 1931இல் காஞ்சி கைலாசநாதர் கோயில் திருச்சுற்று மாடங்களில், பிற்காலச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல்லவ ஓவியத்தின் மிச்சத்தைக் கண்டுபிடித்தார். காஞ்சி அப்போது எங்கள் செங்கல்பட்டு மாவட்டம். அந்தச் சிவப்பும் மஞ்சளும் ஆயிரத்திருநூறு வருஷத்துக்கும் மேல் பழையவை. அரிக்கமேட்டு மண்ணில் கிடந்த ரோமானியத் தடயங்களின் மதிப்பை முதலில் உணர்ந்தவர்களிலும் அவர் ஒருவர். மது ஜாடி, சுவரோவியம் இரண்டையும் ஒரே மனிதர் கண்ணில் காட்டிய ஊர்கள் இவை.

பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், கொலியூர் என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது. 1905 கோடையில் ஓவியர்கள் மத்தீஸும் திரேனும் அங்கே தங்கி, சிவப்புக் கடற்கரையும் பச்சை நிழலுமாக வரைந்து தள்ளினார்கள். ஃபோவ் என்ற ஓவியப் பாணி அங்கேதான் பிடித்துக்கொண்டது. அவர்கள் வரைந்ததில் அந்த ஊர் மீன்பிடிப் படகுகள் திரும்பத் திரும்ப வரும். பின்னால் உள்ள மலைச்சரிவில் திராட்சை. பக்கத்து ஊர்ப் பெயரால் பன்யுல்ஸ் என்ற இனிப்பு ஒயின். அதைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வெயிலில் வைத்தே முதிர வைக்கும் வழக்கமும் உண்டு. ஓர் ஊர்ப் பெயரில் அந்த ஊர் ஒயினைத்தான் விற்க வேண்டும் என்று பிரான்சில் 1935இல் சட்டம் வந்ததும், அடுத்த வருஷமே பன்யுல்ஸ் அந்தப் பாதுகாப்பைப் பெற்றது. படகு, மது, ஓவியம் மூன்றும் ஒரு ஊரின் முகமாக ஒன்றாய் நிற்கின்றன.

நம்மிடமும் அந்த மூன்றும் உண்டு. ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து சோழமண்டல் கலைக் கிராமத்தை உண்டாக்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். எதிரே கடல், பக்கத்தில் குப்பம். யாருடைய தயவும் இல்லாமல் ஓவியர்கள் தாங்களே கட்டிக்கொண்ட ஊர் இந்தியாவில் வேறு எங்கே இருக்கிறது? மதுவில்தான் நாம் கையை விட்டோம். கடப்பாக்கத்தைச் சுற்றியுள்ள இடைக்கழிநாட்டுப் பனங்காட்டுக் கள்ளுக்கு ஒரு ஊர்ச்சுவை இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1987இலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. மாநில மரம் பனை. எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால் கள்ளுக்கடை திறந்திருக்கிறது. குடியை ஆதரித்து இதை எழுதவில்லை. தொழிற்சாலைச் சாராயத்தை அரசே விற்கும்போது ஊர் மண்ணில் விளைந்ததற்கு மட்டும் தடை இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, அவ்வளவுதான்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். 1980களில் ஒட்டுப்பலகைப் படகும் ஃபைபர் படகும் வரத் தொடங்கின. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கரை முழுக்க நிறைந்தன. மீனவர்கள் மாறியதில் தப்பே இல்லை; இயந்திரம் வைத்து இரண்டு மடங்கு தூரம் போய்வரலாம், உடம்பு நோகாது. அவர்கள் வாழ்க்கையை அருங்காட்சியகமாக்கி ரசிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கட்டு, அந்த மரத்தேர்வு, மூக்கை எவ்வளவு தூக்குவது என்ற கணக்கு, இவை கையோடு போய்விடக் கூடாது. ட்ரைமரான் கட்டுகிறவர்கள் கணினியில் போட்டுப் பார்க்கும் விஷயங்கள் அவை. பிரிட்டனி கரையிலுள்ள மோர்லே ஊரில் ‘கிரேன் து செயில்’ என்ற நிறுவனம் 2020இல் புதிதாகப் பாய்க்கப்பல் கட்டி, பிரெஞ்சு ஒயினை எஞ்சின் புகையில்லாமல் நியூயார்க்குக்குக் கொண்டுபோய்விட்டு, திரும்பும் வழியில் கொக்கோ ஏற்றிவருகிறது. பாய் பழசாகிவிட்டது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடலூர் குப்பம், கடப்பாக்கம், எந்த ஊர்க் கரையில் இருந்தாலும், இன்னும் கடலுக்குப் போகும் மரம் ஒன்று கண்ணில் பட்டால் உரியவரிடம் கேட்டுவிட்டு அளவெடுங்கள். ஒரு டேப்பும் நோட்டும் போதும். எத்தனை கட்டை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், நடுக்கட்டை எவ்வளவு தாழ்வு, முன்மூக்குக் கட்டை தனியா ஒட்டியதா, என்ன மரம், எந்த ஊரிலிருந்து வந்தது, கயிறு எத்தனை இடத்தில் கட்டு, முடிச்சுக்கு அவர்கள் சொல்லும் பெயர் என்ன. பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என இரண்டு கோட்டுப்படம். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கோணலாக வந்தாலும் அளவு சரியாக இருந்தால் போதும். கட்டிய ஆள் சம்மதித்தால், அவர் கட்டும்போது கைகளை மட்டும் வீடியோ எடுங்கள், முகம் வேண்டாம். கிடைத்ததை எனக்கு அனுப்புங்கள். தை பிறந்ததும் கடல் அமரும். நான் கடப்பாக்கத்துப் பெரியவரின் மரத்திலிருந்து தொடங்குகிறேன். அவருடையது ஐந்து கட்டை.